நீதிபதி நியமனமும் நன்கொடைப் பணமும்: அமெரிக்கா எதை முதலில் மாற்ற வேண்டும்?

2020 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமானார். அடுத்த 28 மணி நேரத்துக்குள், ஜனநாயகக் கட்சியினர் நன்கொடை திரட்டப் பயன்படுத்தும் ஆக்ட்ப்ளூ இணையதளத்தில் 9 கோடி டாலருக்கும் மேல் வந்து சேர்ந்தது. அவருடைய இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்பதுகூட அப்போது அறிவிக்கப்படவில்லை. எமி கோனி பேரட்டின் பெயரை அதிபர் டிரம்ப் முறைப்படி அறிவித்தது செப்டம்பர் 26ஆம் தேதிதான். துக்கமும் அச்சமுமாக இருந்த எளிய மனிதர்கள் கைபேசியை எடுத்துத் தங்களால் இயன்ற சிறு தொகையை அனுப்பினார்கள். அவர்கள்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் ஒரு நீதிபதியின் மரணச் செய்தி அன்றிரவே தேர்தல் நிதியாக மாறிவிடுகிறது என்றால், அந்த நாட்டின் நியமன முறையில் எதையோ மாற்றியாக வேண்டும். எதை என்பதில்தான் கருத்து வேறுபாடு.

நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 60 வாக்குகள் கிடைத்தால்தான் விவாதத்தை முடித்து நீதிபதியின் ஒப்புதலுக்கான வாக்கெடுப்புக்குப் போக முடியும் என்ற பழைய வரம்பை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள் சிலர். வாழ்நாள் பதவியை ஒழித்து 18 ஆண்டுப் பதவிக்காலம் வகுக்க வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. பெயர்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பைத் தகுதி ஆய்வுக் குழுவிடம் ஒப்படைப்பது, பல மாநிலங்களில் உள்ளதுபோல மக்களே நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது, நியமன முறையைத் தொடாமல் பணத்தை மட்டும் ஒழுங்குபடுத்துவது ஆகிய யோசனைகளும் உண்டு. இந்த விவாதங்களில் பெரும்பாலானவை "நியமிப்பது யார்" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. எனக்கு அது இரண்டாவது கேள்வியாகப் படுகிறது. ஒரு காலியிடம் எவ்வளவு அரிதாக வருகிறது, வந்த பின் எத்தனை ஆண்டுகளுக்கு அது வென்ற கட்சியின் கையில் நிலைக்கிறது என்பதே முதல் கேள்வி. அந்த இடத்தின் மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவு பணமும் பகையும் அதைச் சுற்றிச் சேர்கின்றன.

அரசமைப்புச் சட்டம் இதில் மிகச் சுருக்கமாகப் பேசுகிறது. அதிபர் பெயரை முன்மொழிவார். செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிப்பார். இதே வாசகத்தின் கீழ் 1986இல் ஆன்டனின் ஸ்கலியாவுக்கு 98–0 என்ற வாக்குகளில் ஒப்புதல் கிடைத்தது. கொள்கையில் அவருக்கு நேர் எதிரான கின்ஸ்பர்க்குக்கு 1993இல் 96–3. அண்மைக் கணக்கு வேறு. 2017இல் நீல் கோர்சச் 54–45, 2018இல் பிரெட் கவனா 50–48, 2020இல் பேரட் 52–48, 2022இல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் 53–47. இந்த நால்வரின் சட்டப் படிப்பும் அனுபவமும் முன்னவர்களைவிடக் குறைந்தவை என்று இரு கட்சியினரும் சொல்ல மாட்டார்கள். குறைந்திருப்பவை எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர் "ஆம்" என்று வாக்களிப்பதற்கான காரணங்கள்தான்.

இதனால்தான் 60 வாக்கு வரம்பு பலருக்கும் இயல்பான மருந்தாகத் தெரிகிறது. எதிர்க்கட்சியின் சில வாக்குகளாவது தேவைப்பட்டால் அதிபர் நடுநிலையானவரைத் தேடுவார் என்பது எதிர்பார்ப்பு. நடந்த வரலாறு அந்த எதிர்பார்ப்பைத் தாங்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மிகெல் எஸ்ட்ராடாவை ஜார்ஜ் புஷ் 2001இல் முன்மொழிந்தார்; 2003இல் வாக்கெடுப்பே நடக்காதபடி விவாதத்தை நீட்டிக்கும் உரிமையைப் பயன்படுத்தி ஜனநாயகக் கட்சியினர் அதை முடக்கினார்கள், அவர் விலகிக்கொண்டார். ஒபாமா காலத்தில் குடியரசுக் கட்சியினர் அதே உரிமையைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். 2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் தலைமையிலான பெரும்பான்மை, உச்ச நீதிமன்றம் தவிர்ந்த மற்ற நியமனங்களுக்கு அந்த உரிமையை 52–48 என்ற வாக்குகளில் எடுத்துவிட்டது. 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் தலைமையிலான பெரும்பான்மை கோர்சச்சுக்காக உச்ச நீதிமன்றத்துக்கும் அதை எடுத்துவிட்டது. சாதாரணப் பெரும்பான்மையால் நீக்கக்கூடிய வரம்பை மீண்டும் கொண்டுவந்தாலும், அது தேவைப்படும் நாளில் அங்கே இருக்காது.

வரம்பு நிலைத்தாலும் சிக்கல் தீராது. இடையில் நடந்த மெரிக் கார்லண்ட் விவகாரத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2016 பிப்ரவரி 13 அன்று ஸ்கலியா இறந்தார். மார்ச் 16 அன்று ஒபாமா கார்லண்டை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சியின் கையிலிருந்த செனட்டில் 293 நாட்கள் அந்தப் பெயர் கிடந்தது. விசாரணை அமர்வும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 2017 ஜனவரி 3 அன்று பழைய செனட்டின் காலம் முடிந்ததும் முன்மொழிவு தானாகவே காலாவதியாயிற்று. 1987இல் ராபர்ட் போர்க்கின் தோல்வியோடு எல்லாம் கெட்டுவிட்டது என்று குடியரசுக் கட்சியினர் சொல்வதுண்டு. போர்க்குக்கு நீண்ட விசாரணை அமர்வும் 42–58 என்ற முறையான வாக்கெடுப்பும் கிடைத்தன. கார்லண்டுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதே ஒரு கட்சிக்கு முழு வெற்றியைத் தரும் முறையில், 60 வாக்கு வேண்டும் என்று சொல்வது சும்மா இருப்பவரின் கையை மேலும் வலுப்படுத்தும்.

ஜெர்மனியில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டுமே, அங்கே எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். அங்கே அரசமைப்பு நீதிமன்றத்தின் 16 நீதிபதிகளும் 12 ஆண்டுகள் மட்டுமே பதவியில் இருக்கிறார்கள், மறுநியமனம் கிடையாது. ஒரு நியமனத்தைத் தோற்ற கட்சிக்கு அடுத்த வாய்ப்பு சில ஆண்டுகளுக்குள் வந்துவிடும். அப்படியிருந்தும் 2025 ஜூலையில் ஒரு வேட்பாளரை முன்னிட்டு நாடாளுமன்ற வாக்கெடுப்பே கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. அந்தப் பேராசிரியர் பின்னர் விலகிக்கொள்ள, செப்டம்பரில் காலியிடங்கள் நிரப்பப்பட்டன. ஒரு அவை காலத்துக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் மற்ற அவை தேர்ந்தெடுக்கலாம் என்ற ஏற்பாட்டையும் அந்த நாடு 2024 டிசம்பரில் தன் அடிப்படைச் சட்டத்திலேயே சேர்த்துவைத்தது. கூடுதல் பெரும்பான்மை அங்கே குறுகிய பதவிக்காலத்தோடும் முட்டுக்கட்டையை நீக்கும் வழியோடும் சேர்ந்தே இயங்குகிறது. வரம்பை மட்டும் பிரித்தெடுத்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தால் அது வேலை செய்யாது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். செனட்டர்கள் காசு வாங்கிக்கொண்டு வாக்களிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. பணம் வேறு விதமாக வேலை செய்கிறது. 2020 அக்டோபரில் பேரட்டின் விசாரணை அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் தென் கரோலைனாவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம். அவர் அப்போது தன் சொந்தத் தேர்தலில் கடும் போட்டியில் இருந்தார். எதிர்த்து நின்ற ஜேமி ஹாரிசன் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் மட்டும் 5 கோடியே 70 லட்சம் டாலர் திரட்டியிருந்தார். செனட் தேர்தல் ஒன்றில் அதுவரை யாரும் மூன்று மாதத்தில் அவ்வளவு திரட்டியதில்லை. அதே மூன்று மாதத்தில் கிரஹாம் திரட்டியது 2 கோடியே 80 லட்சம். விசாரணை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே அரசுக் கட்டடத்துக்குள் நின்று ஊடகத்துக்குப் பேசும்போது அவர் தன் தேர்தலுக்கு நன்கொடை கேட்டார். வேறொரு வேட்பாளருக்காக 2022இல் அதே தவறைச் செய்ததற்காக செனட் ஒழுங்குக் குழு 2023இல் அவரைக் கண்டித்தபோது அந்தப் பழைய சம்பவத்தையும் குறிப்பிட்டது. காலையில் நீதிபதியாக வரவிருப்பவரைக் கேள்வி கேட்கும் குழுவின் தலைவர், இடைவேளையில் அந்தக் காட்சியையே காட்டி நிதி கேட்கும் நிலையில் இருக்கிறார். மேசையின் இரு புறமும் கேட்கப்படும் கேள்விகள் அரங்கில் உள்ளவருக்காக அல்லாமல், மாலையில் ஆதரவாளர்களுக்கு அனுப்பப்போகும் காணொளித் துண்டுக்காகத் தயாராகின்றன. விட்டுக்கொடுத்து வாக்களிக்கும் செனட்டருக்கு நிதி கேட்டு அனுப்ப ஒரு வரியும் கிடைக்காது. சொந்தக் கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிராக நிற்பவருக்கு அது நிறையக் கிடைக்கும்.

சிறு நன்கொடைகளாவது பெயரோடு வருகின்றன. பெயர் தெரியாமல் வரும் பணத்தின் அளவு பெரிது. கார்லண்டை எதிர்க்க ஜூடிஷியல் கிரைசிஸ் நெட்வொர்க் என்ற பழமைவாத அமைப்பு சுமார் 70 லட்சம் டாலர் செலவிட்டது; கோர்சச்சை ஆதரிக்க 1 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. அந்தத் தொகையைக் கொடுத்தவர்கள் யார் என்று சொல்லச் சட்டப்படி அதற்குக் கடமை இல்லை. நீதிபதிப் பட்டியல்களின் பின்னணியில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் லெனர்ட் லியோவின் அறக்கட்டளை ஒன்றுக்கு ஒரே தொழிலதிபர் 160 கோடி டாலர் மதிப்புள்ள சொத்தைக் கொடுத்திருந்தது 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது. எதிர்ப்புறத்திலும் டிமாண்ட் ஜஸ்டிஸ் போன்ற அமைப்புகள் 2018 முதல் இதே பாதையில் நடக்கின்றன. ஜனநாயகக் கட்சி சார்ந்த சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் 2020இல் செலவிட்டது 40 கோடி டாலருக்கும் மேல்.

பணத்தை மட்டும் ஒழுங்குபடுத்துவோம் என்ற மாற்றுக்கு இங்கே ஒரு எல்லை உண்டு. 2010 ஜனவரி 21 அன்று வந்த உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு, நிறுவனங்களும் சங்கங்களும் தனித்துச் செய்யும் தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு விதிக்க முடியாது என்று 5–4 பெரும்பான்மையில் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், கொடுத்தவர் பெயரை வெளியிடச் சொல்வது செல்லும் என்று ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஏற்றார்கள். இந்தப் பகுதி போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். பெயரை வெளியிடச் சொல்லும் மசோதா 2010 செப்டம்பரில் 59–39 என்ற வாக்குகளில் செனட்டில் நின்றுபோனது. மசோதாக்களுக்கு நீடிக்கும் 60 வாக்கு வரம்பை எட்டத் தேவைப்பட்டது இன்னும் ஒரே ஒரு வாக்கு. 2022இல் 49–49. அரசமைப்புத் திருத்தம் இல்லாமல், நீதிமன்றத்தின் முன்னனுமதியோடு செய்யக்கூடிய மாற்றம் இது ஒன்றுதான். இதனால் பகை குறையாது என்பது உண்மை. ஆயினும் எந்த நீதிபதியின் நியமனத்துக்கு யார் செலவிட்டார் என்று தெரிந்தால், அந்த நபரின் வழக்கு வரும் நாளில் விலகி நிற்கும்படி நீதிபதியைக் கேட்கவாவது முடியும்.

மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற மாற்றுக்கு மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2002இல் மாஸி நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஒரு ஜூரி 5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்பது தெரிந்திருந்த நிலையில், 2004 தேர்தலில் மாஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் பதவியிலிருந்த நீதிபதியை வீழ்த்துவதற்காகத் தன் கையிலிருந்து சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டார். எதிர் வேட்பாளர் பிரென்ட் பெஞ்சமின் வென்றார். பிறகு அந்த வழக்கில், விலகும்படி கேட்டும் விலகாமல் அமர்ந்து, 3–2 என்ற தீர்ப்பில் இழப்பீட்டை ரத்து செய்த மூவரில் அவரும் ஒருவரானார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. அதுவும் 5–4 என்ற பிரிவில்தான்.

அதற்குப் பிறகும் தொகைகள் ஏறியே வந்திருக்கின்றன. 2023இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்கு நடந்த தேர்தலில் 5 கோடி டாலருக்கு மேல் செலவானது. 2025 ஏப்ரல் 1 தேர்தலில் அது 10 கோடி டாலரை ஒட்டி வந்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு கிரீன் பே நகரில் பாலாடைக்கட்டி வடிவத் தொப்பி அணிந்து மேடையேறிய எலான் மஸ்க், இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் காசோலையைப் பெரிய அட்டையில் எழுதிக் கையளித்தார். அவரும் அவர் சார்ந்த குழுக்களும் 2 கோடி டாலருக்கு மேல் செலவிட்டும் அவர் ஆதரித்த பிராட் ஷிமெல் தோற்றார். சூசன் கிராஃபர்ட் சுமார் 10 சதவீதப் புள்ளி வேறுபாட்டில் வென்றார். மக்கள் விலைபோகவில்லை என்று மகிழ்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் கிராஃபர்ட் தரப்புக்கும் பெரும் செல்வர்கள் கொடுத்த பணம் இருந்தது. எந்தத் தரப்பு வென்றாலும், வழக்காடுபவர் எதிர்கொள்வது ஒருவருடைய செலவில் பதவிக்கு வந்த நீதிபதியைத்தான். வட கரோலைனா இதைத் தவிர்க்க நீதிபதி வேட்பாளர்களுக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை 2004 தேர்தல் முதல் நடத்திப் பார்த்தது; 2013இல் சட்டமன்றம் அதை ஒழித்துவிட்டது.

தகுதி ஆய்வுக் குழு என்ற வழி 1940இல் மிசௌரியில் பிறந்தது. கான்சஸ் நகரத்தில் பெண்டர்காஸ்ட் என்பவரின் கட்சி எந்திரம் நீதிமன்றங்கள்வரை கைநீட்டியிருந்த காலத்துக்குப் பிந்திய சீர்திருத்தம் அது. தலைமை நீதிபதி, மூன்று வழக்கறிஞர்கள், மூன்று பொதுமக்கள் கொண்ட குழு மூன்று பெயர்களைத் தரும். ஆளுநர் ஒருவரைத் தேர்வார். பிறகு அவர் தொடரலாமா என்று மட்டும் மக்கள் வாக்களிப்பார்கள். தொடக்கக் கட்டத்தில் கட்சிப் பணத்தை இது நன்றாகவே தடுக்கிறது. கடைசிப் படிதான் பலவீனமானது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை 2009இல் ஒருமனதாக ஏற்ற ஐயோவா உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், 2010இல் வெளிமாநில அமைப்புகளின் பணத்தோடு நடந்த பிரசாரத்தில் பதவி இழந்தார்கள். தங்களுக்காக நிதி திரட்ட அவர்கள் மறுத்திருந்தார்கள். கூட்டாட்சி அளவில் ஜிம்மி கார்ட்டர் 1977இல் இப்படியொரு குழுவை ஓர் ஆணையால் அமைத்தார். ரீகன் 1981இல் கலைத்தார். மாநிலங்களுக்கு இந்த வழியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மக்கள் மறுவாக்கெடுப்பை நீக்கி, நீண்ட ஒரே பதவிக்காலமாக வைத்தால் இன்னும் நல்லது. வாஷிங்டனில் அடுத்த அதிபரின் கையெழுத்தைத் தாண்டி அது நிற்கும் என்று நம்ப இயலவில்லை.

எஞ்சுவது 18 ஆண்டுப் பதவிக்காலம். ஒன்பது நீதிபதிகள், 18 ஆண்டுகள். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு காலியிடம், ஒவ்வோர் அதிபர் பதவிக்காலத்துக்கும் இரண்டு நியமனங்கள். இதன் தேவையை உணர ஒரே ஒரு ஒப்பீடு போதும்: கார்ட்டர் நான்கு ஆண்டுகள் ஆண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு ஒருவரைக்கூட நியமிக்கவில்லை, டிரம்ப் தன் முதல் நான்கு ஆண்டுகளில் மூவரை நியமித்தார். இதில் மக்களின் தீர்ப்பு எதுவும் இல்லை, யார் எப்போது இறந்தார், யார் எப்போது ஓய்வு பெற்றார் என்பது மட்டுமே உண்டு. கிளாரன்ஸ் தாமஸ் 1991 முதல் பதவியில் இருக்கிறார். இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் வீட்டுக்குப் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, நீதிபதியின் உடல்நிலை அறிக்கையைக் கட்சிகள் கவலையோடு படிக்கும் நிலை விசித்திரமாகத்தான் இருக்கும். அடுத்த காலியிடம் எந்த ஆண்டில் வரும் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்தால், "இதை இழந்தால் முப்பது ஆண்டு போய்விடும்" என்று எழுதி நிதி கேட்க முடியாது. மரணச் செய்தியோடு பணம் கேட்கும் குறுஞ்செய்தி வரவும் முகாந்திரம் இருக்காது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவரைத் தேடிப்பிடித்து முன்மொழியும் கட்டாயமும் தளரும்.

இதற்கு எதிரான வாதங்கள் எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. ஒவ்வோர் அதிபர் தேர்தலும் இரண்டு நீதிபதி இடங்களுக்கான தேர்தலாக மாறும் என்கிறார்கள். இப்போதும் அப்படித்தான், எத்தனை இடம் என்பது மட்டும் தெரியாது என்பது என் பதில். பதவி முடிந்த நீதிபதி பெரிய சட்ட நிறுவனங்களை மனத்தில் வைத்துக் கடைசி ஆண்டுகளில் தீர்ப்பு எழுதக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அதே சம்பளத்தோடு வாழ்நாள் முழுதும் தொடரும் ஏற்பாடு அதற்கு வேண்டும். மிக வலுவான எதிர்வாதம் வேறு: எதிர்க்கட்சியின் கையில் இருக்கும் செனட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கார்லண்ட் கதையைத் திருப்பி நடத்தலாம். ஆகவே பதவிக்காலத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. குறித்த நாட்களுக்குள் செனட் வாக்களித்து நிராகரிக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்ற விதி அதே திருத்தத்தில் இருந்தாக வேண்டும். இது இல்லாத எந்த வரைவையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நீதிபதிகளின் எண்ணிக்கையை 13 ஆக உயர்த்தும் யோசனையை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1869 முதல் நிலைத்திருக்கும் ஒன்பதை இன்று ஒரு கட்சி உயர்த்தினால், நாளை மற்ற கட்சி மேலும் உயர்த்துவதற்கு எந்தத் தடையும் இருக்காது.

எனவே என் வரிசை இது. நன்கொடையாளர் பெயரை வெளியிடும் சட்டம் முதலில், ஏனென்றால் அதற்குத் தேவை செனட்டில் சில வாக்குகள் மட்டுமே. இணையாக, தேர்தல் நடத்தும் மாநிலங்கள் குழு நியமனத்துக்கு மாறுவது. பெரிய மாற்றமான 18 ஆண்டுப் பதவிக்காலத்தைச் சாதாரணச் சட்டத்தால் கொண்டுவந்தால், அது செல்லுமா என்பதை அதனால் பாதிக்கப்படும் ஒன்பது பேரே தீர்மானிக்க வேண்டிவரும். அதனால் அரசமைப்புத் திருத்தமே சரி. இப்போது பதவியில் உள்ளவர்களைத் தொடாமல், பல ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வரும்படி அதை எழுத வேண்டும். அன்று அதிபராக இருக்கப்போவது யார் என்று எந்தக் கட்சிக்கும் இன்று தெரியாது என்பதே உடன்பாட்டுக்கு இடம் தரும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஏற்பும் வேண்டும் என்பதால் இது நடக்காது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஏற்க வேண்டிய அந்த மாநிலங்களின் சொந்த உச்ச நீதிமன்றங்களைப் பாருங்கள்: 50 மாநிலங்களில் 49 தங்கள் நீதிபதிகளுக்குப் பதவிக்காலமோ வயது வரம்போ ஏற்கெனவே வைத்திருக்கின்றன, இரண்டும் இல்லாதது ரோட் ஐலண்ட் மட்டுமே.